துலக்கும் கை

பொழுதுபோக்கு என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு பழி ஒளிந்திருக்கிறது. பொழுது தானாகவே போய்விடும். அதனைப் போக்குவதற்கு ஒருவன் முயல வேண்டியதில்லை. ஆகவே, பொழுதைப் போக்குகின்றவன் காலத்தை வீணாக்குகின்றவன் என்னும் எண்ணம் தமிழர் மனத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழியிலிருந்து சில பொழுதுபோக்குகள் எப்படியோ தப்பிக்கொண்டன. வீணை பயில்வது கலை எனப்பட்டது. தோட்டமிடுவது உடலுக்கு நலம் எனப்பட்டது. அஞ்சல்தலை சேர்ப்பது அறிவை வளர்ப்பது எனப்பட்டது. தப்ப வழியின்றி இன்னும் நகைப்புக்கு இடமாகி நிற்பவற்றுள் ஒன்று, தன் காரைத் தானே கழுவித் துடைத்து மெருகேற்றும் பழக்கம். "இனிக் காருக்குப் பொட்டு வைப்பதுதான் பாக்கி" என்று அண்டை வீட்டார் சிரிப்பர். ஆயுத பூசை நாளில் அதே அண்டை வீட்டார் தம் காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை யாரும் நகைப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் செய்தால் பக்தி; வாரத்துக்கு ஒரு நாள் செய்தால் பைத்தியம் போலும்!

காரைக் கழுவுவது வேறு, துலக்குவது வேறு. தூசி போக நீரூற்றித் துடைப்பது கழுவுதல். அதனை யாரும் செய்யலாம். துலக்குதல் என்பதோ, இன்று 'டீடெயிலிங்' என்னும் பெயரால் கடைகளில் பெரும் விலைக்கு விற்கப்படும் நுண்பணி. முதலில் நீரைப் பாய்ச்சி ஒட்டியுள்ள மணலைத் தளர்த்த வேண்டும். பின்னர் ஒரு வாளியில் சவர்க்கார நீரும் மற்றொரு வாளியில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் நீரில் அலசிய பிறகே சவர்க்கார நீரில் தோய்க்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி. அதன்பின் ஈரத்தை ஒற்றி எடுத்து, கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பைப் பிசைந்த களிமண் போன்ற ஒரு பொருளால் நீக்கி, தேவையான இடத்தில் மட்டும் மெருகு தேய்த்து, இறுதியில் மெழுகு பூச வேண்டும். கண்ணாடியும் இருக்கையும் கதவிடுக்கும் இன்னும் எஞ்சியிருக்கும். முறையாகச் செய்தால் ஒரு காலைப்பொழுது முழுவதும் இதற்கே சரியாகிவிடும்.

இங்கேதான் முதல் கேள்வி எழுகிறது. பத்து முதல் இருபது வெள்ளிக்குள் அரை மணி நேரத்தில் கழுவித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கும்போது, அரை நாளை இதற்குச் செலவிடுவது அறிவுடைமையா? கணக்குப் பார்த்தால் அறிவுடைமை ஆகாதுதான். ஆனால், கணக்குப் பார்த்தால் வீட்டு முற்றத்தில் கத்தரிச்செடி வளர்ப்பதும் அறிவுடைமை ஆகாது. சந்தையில் கத்தரிக்காய் மலிவாகவே கிடைக்கிறது. பொழுதுபோக்கின் பயனை வெள்ளியால் அளக்க முடியாது. அதனை அளக்கும் கோல் வேறு. அச்செயல் செய்கின்றவனுக்கு எதையேனும் கற்பிக்கிறதா? அவனை முன்னிருந்ததைவிடச் சற்றேனும் கூர்மையுடையவனாகவும் பொறுமையுடையவனாகவும் ஆக்குகிறதா? பிறருக்குத் தீங்கு செய்யாதிருக்கிறதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண வேண்டும்.

கற்பிப்பதைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. காரின் நிறம் என்று கண்ணுக்குத் தெரிவது ஒரே பூச்சன்று. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் மேற்பரப்பைச் சமன்செய்யும் பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ஒளிப்பூச்சு. இந்த மேற்பூச்சின் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் அளவே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமனுடையது என்பதை எண்ணிப் பார்த்தால், தலைமயிரைவிட மெல்லிய ஒரு படலமே வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காத்து நிற்கிறது என்பது புலனாகும். பழைய கார்களின் கூரையிலும் முன்மூடியிலும் தோல் உரிந்தாற்போல் வெண்திட்டுகள் படர்ந்திருப்பதை மலேசியச் சாலைகளில் அடிக்கடி காணலாம். அந்தப் படலம் வெயிலுக்கு இரையாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

பறவையின் எச்சத்தை உடனே துடைத்துவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் கூறுவதன் காரணமும் இங்கே விளங்கும். எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. உச்சிவெயிலில் நிற்கும் கருநிறக் காரின் தகடு 60 பாகைக்கு மேலும் சூடேறும். அச்சூட்டில் இளகும் மேற்பூச்சு, மாலையில் குளிரும்போது காய்ந்த எச்சத்தோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. பின்னர் எச்சத்தை நீக்கினாலும் அதன் வடு நீங்காது. சிங்கப்பூரில் சாலையோரம் நிழலுக்காக நடப்பட்ட அங்சானா மரத்தின் கீழே காரை நிறுத்தினால் மஞ்சள் மலர்கள் மழையாய்ச் சொரியும். சங்கப் புலவர் பாடிய வேங்கையின் நெருங்கிய உறவு மரம் அது. இலக்கியம் கற்றவனுக்கு அது மலர்மாரி. காரைத் துலக்குகின்றவனுக்கு அடுத்த ஒரு மணி நேர வேலை. இரண்டு பார்வையும் ஒருவனிடமே இருந்தால் அவன் பேறு பெற்றவன்.

மெழுகின் கதை இன்னும் சுவையானது. மேலான மெழுகுகளில் சேர்க்கப்படும் கார்னோபா என்பது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. கடும் வெயிலில் ஓலையின் ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுப்பதற்கென அம்மரம் தன் ஓலையின்மேல் தானே பூசிக்கொள்ளும் கவசம் அது. 80 பாகைக்கு மேல்தான் அது உருகும். மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட வழியையே மனிதன் தன் காருக்குக் கடன் வாங்கியிருக்கிறான். ஓலைக்கு எண்ணெய் பூசிக் காப்பது தமிழருக்குப் புதியதன்று. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பூச்சி அரிக்காமல் காத்த ஓலைச்சுவடிகளால்தான் பழந்தமிழ் நூல்கள் அச்சுக் காலம்வரை உயிர் பிழைத்தன. மெல்லியதைக் காப்பதற்கு இடைவிடாத கவனிப்பே வழி என்பதை அன்று சுவடி காத்தவர் அறிந்திருந்தனர். காரையும் சுவடியையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. கவனிப்பு என்னும் குணம் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நடுநிலையோடு ஆராய வேண்டும். அவற்றுள் முதலாவது, நீர். 1998ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் குடிநீர்த் தட்டுப்பாட்டால் பட்ட துன்பத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 2014ஆம் ஆண்டிலும் சிலாங்கூரில் முறைவைத்து நீர் வழங்க நேர்ந்தது. வாளிகளோடு நீர்வண்டிக்குக் காத்து நின்ற அதே தெருவில், குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் குளிப்பாட்டுவது அறமாகுமா? நிமிடத்துக்கு 10 லிட்டர் பாயும் குழாயை இருபது நிமிடம் திறந்து வைத்தால் 200 லிட்டர் நீர் கால்வாய்க்குப் போய்விடும். இரண்டு வாளிகளைக் கொண்டு முறையாகத் துலக்குகின்றவனுக்கு 40 லிட்டரே போதும். ஆகவே குற்றம் துலக்குவதில் இல்லை. திறந்துவிட்ட குழாயில்தான் இருக்கிறது. வழிந்தோடும் அழுக்கு நீர் எங்கே செல்கிறது என்பதையும் எண்ண வேண்டும். சிங்கப்பூரில் மரினா அணைக்கட்டு 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின், நகரின் நடுவே பெய்யும் மழைநீர் வடிகால் வழியாகக் குடிநீர்த் தேக்கத்தை அடைகிறது. கழுவுவதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு வேறிடத்தில் சவர்க்கார நீரை ஓடவிடுகின்றவன், தான் நாளை குடிக்கப்போகும் நீரையே மாசுபடுத்துகின்றான்.

இரண்டாவது குற்றச்சாட்டு, பகட்டு. அண்டை வீட்டாரின் காரைவிடத் தன் கார் ஒளிவிட வேண்டும் என்பதற்காகவே துலக்குகின்றவர் உண்டு என்பதை மறுக்க இயலாது. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990ஆம் ஆண்டில் வந்தது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 150,001 வெள்ளிக்கு ஏறியது. அச்சான்றிதழின் ஆயுளோ பத்து ஆண்டுதான். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்; இல்லையேல் கார் சாலையை விட்டு விலக வேண்டும். இத்தகைய ஊரில் கார் என்பது வாகனம் மட்டுமன்று. அது பெருமையின் சின்னமாகவும் ஆகிவிடுகிறது. ஆனால், பகட்டுக்காகத் துலக்குகின்றவன் நெடுநாள் துலக்குவதில்லை. குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைத் தேய்க்கும் வேலையில் பகட்டுக்கு இடமேது? யாரும் காணாத கதவிடுக்கைத் துடைக்கின்றவனைப் பகட்டுக்காரன் என்பது பொருந்தாது. பகட்டை விரும்புகின்றவன் சில வாரங்களிலேயே கடையைத் தேடிப் போய்விடுகிறான்.

மூன்றாவது குற்றச்சாட்டைத் துலக்குவோரே தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். மெருகு தேய்த்தல் என்பது உண்மையில் சுரண்டுதலே. கீறலை நிரப்பி மறைப்பதன்று அது. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள மேற்பூச்சைத் தேய்த்துக் குறைப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடுகிறது. போனது மீண்டும் வளர்வதில்லை. கீறலே கூடாது என்று மாதந்தோறும் மெருகு தேய்க்கின்றவன், தான் விரும்பும் பொருளைத் தன் விருப்பத்தாலேயே அழித்துவிடுகிறான். எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் இக்கலையின் முதிர்ச்சி. மாணவரின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர்க்கும் இது தெரிந்த உண்மையே. பிழையை நீக்கலாம், அளவுக்கு மீறித் தேய்த்தால் மாணவனின் நடையே காணாமற் போய்விடும்.

இவ்வளவும் பொதுவான வாதங்கள். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு நினைவு கிடக்கிறது. தோட்டங்களில் கார் என்றால் அது துரையின் கார். அதனை ஓட்டியவனும் கழுவியவனும் பல தோட்டங்களில் தமிழனாகவே இருந்தான். அதன் சக்கரத்துக்கான பாலை மரத்திலிருந்து சீவி எடுத்தவளும் தமிழச்சியே. உலகின் கார்கள் ஓடுவதற்கு வேண்டிய இரப்பரைத் தந்தவர்களின் லயத்து வாசலில் ஒரு மிதிவண்டி நின்றாலே அது செல்வம். அப்படி வந்த ஒரு சமுதாயத்தில், கார் கழுவுதல் என்பது வெறும் வேலையன்று. அது ஒரு தழும்பு.

கிள்ளான் வட்டாரத்தில் தமிழாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் குடும்பக் கதை இதனை நன்கு விளக்கும். அவருடைய தந்தை தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரவெட்டு முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபின், மாலையில் துரையின் வீட்டுக்குச் சென்று காரைக் கழுவிவிட்டு வருவார். அதற்குத் தனிக்கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மகன் உதவிக்கு வருகிறேன் என்றால் விடமாட்டார். "இந்த வாளி என்னோட போகட்டும், நீ போய்ப் படி" என்பதே அவர் மறுமொழி. மகன் படித்தார், ஆசிரியர் ஆனார். 1985ஆம் ஆண்டில் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, தவணைக்கடனில் அவரும் ஒரு வெண்ணிறச் சாகாவை வாங்கினார். வாங்கிய நாள் முதல் அதனைக் கடையில் கொடுத்தே கழுவினார். தம் கையில் வாளியைத் தொடுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வாளி என்றாலே அவருக்குத் தந்தையின் வளைந்த முதுகுதான் நினைவுக்கு வரும்.

தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தந்தை, மகனோடு தங்க வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே விடியலில் எழுந்து, வாளியில் நீர் மொண்டு, மகனின் காரைக் கழுவத் தொடங்கிவிட்டார். ஒலி கேட்டு வெளியே வந்த ஆசிரியர் பதறிப்போனார். பெற்ற தந்தையை வேலைக்காரனாக வைத்திருக்கிறான் என்று ஊர் பேசாதா? "அப்பா, நீங்க ஏம்ப்பா இத செய்றீங்க? வாளிய வையுங்க" என்று கையைப் பிடித்தார். முதியவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அது துரை காரு, தம்பி. இது நம்ம காரு" என்றார்.

அந்தச் சொல்லுக்கு ஆசிரியரிடம் விடை இல்லை. அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டார். அன்று முதல், தந்தை மறைந்த காலம்வரை, ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்தே அக்காரைத் துலக்கினர். தோட்டத்தில் இருந்தபோது ஒருநாளும் மனம்விட்டுப் பேசியிராத தந்தை, காரின் இருபுறமும் இருவரும் நின்று துடைத்துக்கொண்டிருந்த அந்த நேரங்களில் பேசினார். சப்பானியர் காலத்துப் பசியைப் பற்றியும், மனைவியைப் புதைத்த நாளைப் பற்றியும் அவர் சொன்னவை அப்போது சொன்னவையே. முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேச இயலாதவற்றை, கைகள் வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது பேசிவிட முடிகிறது.

இதில் வியப்புக்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. அந்த முதியவர் மகனுக்குக் கற்பித்த முறைகள் யாவை? வெயிலில் கழுவக்கூடாது, நிழலில்தான் கழுவ வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும். மண் ஒட்டியிருப்பது கீழ்ப்பகுதியில். சக்கரம் தேய்த்த துணி கதவைத் தொடக்கூடாது. துணி தரையில் விழுந்தால் அலசாமல் எடுக்கக்கூடாது. இன்று டீடெயிலிங் கடைகள் பயிற்சி என்று கற்பிப்பவற்றின் அடிப்படைகள் இவையே. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளியிடம் அந்த அறிவு முழுமையாக இருந்தது. அதற்கு அறிவு என்ற பெயரை அன்று யாரும் தரவில்லை. அடிமைத் தொழிலோடு ஒட்டிக்கிடந்ததால், மகனும் அதனை இழிவென்றே ஒதுக்கினார். இழிவு வேலையில் இல்லை; பிறர்க்கு அஞ்சிச் செய்ய நேர்ந்த நிலையில் இருந்தது. அந்த நிலை நீங்கியபின் வேலை தன் மதிப்போடு தனித்து நின்றது.

உழைப்பின் அருமையை உணர்த்துவதாகிய இப்பயனே, இப்பொழுதுபோக்குக்குச் சொல்லக்கூடிய வாதங்களுள் தலையாயது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கார் கழுவும் கடைகளில் நீர்க்குழாயைப் பிடித்து நிற்போரில் பலர் பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். முன்னொரு காலத்தில் தமிழன் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களிடம் காரைக் கொடுப்பது குற்றமன்று. அது அவர்களுக்குப் பிழைப்பு. ஆனால், ஒரு சக்கரத்தின் உட்புறத்தைத் தன் கையாலே ஒரு முறையேனும் தேய்த்துப் பார்த்தவன், அத்தொழிலாளியிடம் இரண்டு வெள்ளிக்குப் பேரம் பேசமாட்டான். "ஏய்" என்றும் அழைக்கமாட்டான்.

நேரடியான பயனும் இல்லாமலில்லை. காரைச் சுற்றிக் குனிந்து வருகின்றவன் கண்ணில், சக்கரத்தில் பதிந்த ஆணியும், உட்புறம் தேய்ந்துபோன வரிப்பள்ளமும், தரையில் சொட்டிய எண்ணெயும் படும். சக்கரத்தின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனை ஓட்டுவது சட்டப்படி குற்றம். மழைநாளில் அது உயிருக்கே கேடு. நீர் நிறைந்த சாலையில், வரிப்பள்ளம் இல்லாத சக்கரம் நீரை வெளியேற்ற வழியின்றித் தரையைத் தொடாமலே வழுக்கிச் செல்லும். மாதக்கணக்கில் காரின் இருக்கையை மட்டுமே அறிந்தவன் இதனை அறிவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. பொருளைப் பேணுவது ஒன்று. பொருளுக்கு அடிமையாவது வேறொன்று. பிள்ளை ஈரக்காலோடு ஏறிவிட்டான் என்று சினந்து அறைகின்ற தந்தையும், முதுமைப்பட்ட தாயை "காலைத் துடைத்துக்கொண்டு ஏறுங்கள்" என்று வாசலிலே நிறுத்தி வைக்கும் மகனும் இருக்கவே செய்கிறார்கள். கார் மனிதரை ஏற்றிச் செல்வதற்கு உண்டானது. அது அழுக்காவது அதன் கடமையைச் செய்ததற்கு அடையாளம். அழுக்குக்கு அஞ்சி ஆளை ஏற்றத் தயங்குகின்றவனின் கார் எவ்வளவு ஒளிவிட்டாலும், அவன் உள்ளம் துரு ஏறியதே. அத்தகையவனுக்கு இப்பொழுதுபோக்கு நோயே தவிர மருந்தன்று.

ஆகவே, இதன் தகுதியை மூன்று வரையறைகளுக்குள் வைத்துச் சொல்லிவிடலாம். வாளியின் அளவுக்குள் நீர் அடங்க வேண்டும். மேற்பூச்சின் அளவுக்குள் மெருகு அடங்க வேண்டும். மனிதர்மேல் உள்ள அன்பின் அளவுக்குள் காரின்மேல் உள்ள ஆசை அடங்க வேண்டும். இவ்வரையறைகளுக்குள் நின்று தன் காரைத் தானே துலக்குகின்றவன் பொழுதைப் போக்குகின்றவன் அல்லன். எந்த நுட்பமும் தெரியாமல் வாங்கி, எந்தக் கவலையும் இல்லாமல் வீசி எறியும் இக்காலத்தில், ஒரு பொருளின் இயல்பை அறிந்து அதனோடு நெடுநாள் வாழப் பழகுவது ஒரு கல்வி. பள்ளிப் பிள்ளைகள் இக்கல்வியைத் தொடங்குவதற்குக் காரும் தேவையில்லை. தம் மிதிவண்டியே போதும். ஒரு வாளி நீர், இரண்டு துணி, யாரும் காணாத இடத்தையும் துடைக்கும் நேர்மை ஆகியவையே இக்கல்விக்கு வேண்டிய முதல்.